புதன்கிழமை ஊதாத சங்கு

பத்து மணியாகப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது அணைக்கட்டு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அதிகாரி ஜீப்பை எடுத்துக்கொண்டு மீட்டிங்குக்குப் போயிருந்ததால் சங்கு மேடம்தான் எடுத்தாள். மேலே மழை கொட்டித் தீர்க்கிறது, எல்லா மதகுகளையும் திறந்தாயிற்று, இன்னும் ஒரு மணி நேரத்தில் ஆற்றோரத் தெருவுக்குள் தண்ணீர் ஏறிவிடும் என்றார் அந்தப் பக்கம் பேசியவர். "எழுதிக்கிட்டீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். எழுதிக்கொண்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, பேனாவை எங்கே வைத்தோம் என்று மேசை முழுக்கத் துழாவினாள். பேனா கையில்தான் இருந்தது.

சங்கு மேடம் என்பது ஊர் வைத்த பெயர். அலுவலகப் பலகையில் 'பேரிடர் விழிப்புணர்வு ஒருங்கிணைப்பாளர்' என்று மூச்சு முட்டுகிற நீளத்துக்கு எழுதியிருக்கும். அதைப் படித்து முடிப்பதற்குள் ஆபத்தே வந்து போய்விடும். வெள்ளம் வந்தால் எப்படித் தப்பிப்பது என்று ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுக்க அரசாங்கம் ஒரு நிதி ஒதுக்கியது. அந்த நிதியில் இந்த ஊருக்கு வந்தவை மூன்று: மொட்டைமாடியில் ஒரு மின்சாரச் சங்கு, ஒரு பீரோ நிறையச் சாமான், ஒப்பந்த வேலையில் அவள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே நிபந்தனை. புதன்கிழமை தோறும் சரியாகப் பத்து மணிக்குச் சங்கை ஒரு நிமிடம் ஊதிப் பார்த்து, அதைப் போட்டோ எடுத்து, அரசாங்க இணையதளத்தில் ஏற்றிவிட வேண்டும். ஒரு புதன் விட்டுப்போனாலும் ஊர் பெயருக்கு எதிரே சிவப்புப் புள்ளி விழும். சிவப்புப் புள்ளி விழுந்தால் அடுத்த வருடம் நிதி கிடையாது, நிதி இல்லையென்றால் அவளுக்கு வேலை கிடையாது. ஒன்றரை வருடமாக அவள் ஒரு புதனையும் விட்டதில்லை, காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்ட அன்றுகூட.

ஊரும் சங்கை விடவில்லை. அதைத்தான் அவளால் யாரிடமும் சொல்லி அழ முடியவில்லை. பயப்படுவதற்காக வைத்த சங்கைக் கேட்டு ஜனங்கள் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டார்கள். சலூன்காரர் அதைக் கேட்டதும் ரேடியோவைப் போடுவார். ஆற்றோரத் தெருவில் இஸ்திரி போட்டுப் பிழைக்கும் அவளுடைய சொந்த அக்கா, சங்கு ஊதினால்தான் படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு மாத்திரை கொடுப்பாள். "உன் சங்கு இல்லன்னா எங்க மாமியார் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பாங்கடி" என்று அக்கா சிரிக்கும்போதெல்லாம் இவள் பேச்சை மாற்றிவிடுவாள். போன மாதம் ஸ்விட்ச் சிக்கிக்கொண்டு சங்கு முழுதாக மூன்று நிமிடம் ஊதியது. நிஜ ஆபத்துக்கு மூன்று நிமிடம் என்று துண்டுச்சீட்டு அடித்து வீடு வீடாகக் கொடுத்திருந்தது. ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. பதறிப்போய் அதிகாரியிடம் சொன்னாள். "யாரும் புகார் பண்ணலையே, அப்புறம் என்னம்மா" என்றார் அவர்.

இப்போது அதே அதிகாரிக்குப் போன் போட்டாள். கூட்டத்தின் நடுவில் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"ஊதிடும்மா. இதுக்கெல்லாம் என்னைக் கேக்கணுமா?"

"சார், இன்னைக்குப் புதன்கிழமை."

"அதான் சொல்றேன். சரியாப் பத்துக்கே ஊதிடு. எச்சரிக்கை குடுத்த மாதிரியும் ஆச்சு, இந்த வாரப் பதிவும் விழுந்துடும்." ஏதோ பெரிய சிக்கலை அவிழ்த்துவிட்ட திருப்தியோடு வைத்துவிட்டார்.

அவளுக்குக் கை கால் ஓடவில்லை. ஓடவில்லை என்றால் நின்றுவிட்டாள் என்று அர்த்தமில்லை. அந்தச் சின்ன அறைக்குள் நாற்காலிக்கும் ஜன்னலுக்குமாக நாலு தடவை நடந்திருப்பாள். பீரோவில் கை மைக் இருந்தது, பூட்டுச் சாவி அதிகாரியிடம். வாட்ச்மேன் அண்ணன் கல்லைக் கொண்டுவந்து ஒரே போடாகப் போட்டுப் பூட்டை உடைத்துவிட்டார். மைக் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் புதுப்பெண் மாதிரி இருந்தது. உள்ளே பாட்டரி இல்லை. பாட்டரி அடுத்த தவணையில் வரும் என்று போட்ட கையெழுத்து அவளுடையதுதான்.

அக்காவைக் கூப்பிட்டாள். "அக்கா, தண்ணி வருது. மாமியாரைத் தூக்கிட்டு உடனே மேட்டு ஸ்கூலுக்குப் போ."

"ஏன்டி, மறுபடியும் வீடியோவா? சொல்லித் தொலைக்கக் கூடாதா, நல்ல துணியா மாத்திட்டிருப்பேன்ல."

ஆறு மாதத்துக்கு முன்னால், நிதியை எப்படிச் செலவழித்தீர்கள் என்று காட்டுவதற்காக ஒரு வீடியோ கேட்டார்கள். ஜனங்கள் முகத்தில் பதற்றம் தெரிய வேண்டும் என்று குறிப்பு வேறு. இவளே கதவு கதவாகத் தட்டி, தண்ணீர் வருகிறது, ஓடுங்கள் என்று கத்தினாள். நம்பி ஓடிவந்தவர்களிடம் கடைசியில் சும்மா ஒத்திகைதான் என்று சிரித்து பிஸ்கட் பாக்கெட் கொடுத்தாள். அந்த வீடியோவுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. ஆக, சங்கும் செல்லாக்காசு, அவள் வாயும் செல்லாக்காசு. "நிஜமாத்தான் அக்கா" என்றாள். "அன்னைக்கும் இதையேதான் சொன்னே. அடுப்புல வேலை இருக்கு, வை" என்றாள் அக்கா.

பத்து மணியாக ஐந்து நிமிடம். வாட்ச்மேன் அண்ணன் மாடிப்படியில் பாதி ஏறி நின்று, "ஊதிரட்டுமா மேடம்?" என்றார்.

"வேண்டாம் அண்ணே."

"வேண்டாமா?"

"பத்துக்கு ஊதாதீங்க. பத்து நிமிஷம் சும்மா விடுங்க. எல்லாரும் என்னடா ஆச்சுன்னு வெளிய வரட்டும். பத்து பத்துக்கு அமுக்குங்க, நான் சொல்ற வரைக்கும் கையை எடுக்காதீங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "தண்ணி வர்றப்போ பத்து நிமிஷத்தை வீணாக்குறதா? ஏடாகூடமா ஏதாவது ஆச்சுன்னா ரெண்டு பேரையும் உள்ள தூக்கி வெச்சிருவாங்க மேடம்."

"பத்துக்கு ஊதினா மாத்திரை போட்டுக்குவாங்க அண்ணே. அவ்வளவுதான் நடக்கும்."

சொல்லிவிட்டாளே தவிர, ஸ்கூட்டரைக் கிளப்பும்போதே மனசுக்குள் கணக்கு ஓடத் தொடங்கியது. நூற்றிருபது வீடு. பத்து நிமிடம் என்பது ஒரு கிழவரை எழுப்பி உட்காரவைத்துச் செருப்பு மாட்டிவிட ஆகிற நேரம், இரண்டு குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேட்டைப் பாதி ஏறிவிடுகிற நேரம். அதை யாரைக் கேட்டு எடுத்துக்கொண்டாள்? சங்கை இவ்வளவு மலிவாக்கியது யார் என்று கேட்டால் அதற்கும் பதில் இவள்தானே. வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனாள். இன்னும் பத்தாகவில்லை, திரும்பிப் போய் அமுக்கிவிடலாம் என்று வளைவுக்கு வளைவு தோன்றியது. வண்டி மட்டும் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

ஆற்றோரத் தெருமுனையில் அவள் வண்டியை நிறுத்தியபோது மணி பத்து அடித்து ஒரு நிமிடம். தெரு அதன் பாட்டுக்கு இருந்தது. கொடியில் துணி, ஒரு வீட்டில் தாளிக்கிற வாசனை, எங்கேயோ பம்பு ஓடுகிற சத்தம். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. மழை பெய்ததெல்லாம் மேலே மலையில். இரண்டு நிமிடம். ஒருவரும் வரவில்லை. மூன்று நிமிடம். பைத்தியக்காரத்தனம் பண்ணிவிட்டோம், சங்கு ஊதுவதையே கவனிக்காதவர்கள் ஊதாததையா கவனிக்கப்போகிறார்கள் என்று போனை எடுத்து வாட்ச்மேன் நம்பரைத் தேடினாள்.

சலூன்காரர் வெளியே வந்தார். கையில் சீப்பு. அலுவலகம் இருக்கும் திசையைப் பார்த்தார், கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார், அப்புறம்தான் இவளைப் பார்த்தார்.

"என்ன மேடம், இன்னைக்கு ஊதக் காணோம்?"

அவர் பின்னாலேயே பாதி முடி வெட்டிய ஒருவர் கழுத்தில் துணியோடு வந்து நின்றார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அடுத்த வீட்டுக்காரி கரண்டியோடு வந்து, "மணி பத்தாச்சா ஆகலியா?" என்று தெருவையே கேட்டாள். "ஆகி அஞ்சு நிமிஷமாச்சு." "கரண்ட் இல்லியோ?" "இருக்கே, மிக்ஸி ஓடுதே." வாசலுக்கு வாசல் தலைகள் முளைத்தன. ஒன்றரை வருடமாகச் சங்கு ஊதியும் வராதவர்கள், ஒரு சத்தம் இல்லாமல் போனதற்கு வந்தார்கள். கடைசியாக அக்கா மாத்திரை அட்டையோடு வந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள். அதற்கப்புறம் கிண்டல் எதுவும் வரவில்லை.

"ஊதலை. நிஜமா வருது, அதனாலதான் ஊதலை" என்றாள் சங்கு மேடம். தன் குரல் இவ்வளவு மெல்லியதாகவா வரும் என்று அவளுக்கே அதிர்ச்சியாக இருந்தது. "மதகெல்லாம் திறந்தாச்சு. முக்கால் மணி நேரம்தான் இருக்கு. எதையும் எடுக்காதீங்க."

ஒருவர் சிரித்தார். "பிஸ்கட் உண்டா மேடம்?" என்றார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதியது. பத்து பத்து. அந்த நேரத்தில் அது ஊதி யாரும் கேட்டதில்லை. கரண்டி கீழே விழுந்தது. ஊதிக்கொண்டே இருந்தது, ஒரு நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை, இரண்டும் தாண்டியது. சலூன்காரர், "கடைசியில நமக்கே ஊதிட்டாங்கய்யா" என்று முனகியபடி ஷட்டரை இழுத்துவிட்டு ஓடினார்.

அடுத்த இருபது நிமிடம் எப்படிப் போனதென்று கேட்டால் அவளால் கோர்வையாகச் சொல்ல முடியாது. சொன்ன பேச்சை யார் கேட்டார்கள்? ஒருத்தி டிவியைப் போர்வையில் சுற்றினாள். ஒருவர் பத்திரத்தைத் தேடி மூன்று தடவை உள்ளே போனார். அக்காவின் மாமியாரைக் கட்டிலோடு தூக்கினார்கள். சலூன்காரரும் பாதித் தலைக்காரரும் முன்னால், அக்காவும் இஸ்திரிக்குத் துணி கொடுக்க வந்த யாரோ ஒரு ஆளும் பின்னால். கிழவி கட்டிலில் படுத்தபடியே, "என் மாத்திரை எங்கடி?" என்று கேட்டுக்கொண்டே போனாள். அதிகாரியிடமிருந்து இரண்டு தடவை போன் வந்தது. எடுக்கவில்லை. மூன்றாவதாகக் குறுஞ்செய்தி வந்தது: 'பத்து மணிப் பதிவு ஏன் இல்லை?'

தெரு காலியாகிவிட்டதென்று நினைத்து அவளும் மேட்டில் ஏறத் தொடங்கியபோது சாக்கடை மூடிகளின் ஓரத்திலிருந்து தண்ணீர் கொப்பளித்தது. சொன்ன நேரத்துக்கு இன்னும் கால் மணி இருந்தது. மேலே போய்க்கொண்டிருந்த அக்கா கட்டில் காலைப் பிடித்தபடியே திரும்பி இரைந்தாள்.

"கடைசி வீட்டுத் தையல்காரம்மாவைக் கூட்டிட்டு வந்தாச்சாடி? அவங்களுக்குக் காது கேக்காதே."

அந்தத் தெருவில் காது கேளாதவர்கள் எத்தனை பேர் என்று ஒரு படிவம் கேட்டிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, 'இல்லை' என்று எழுதியவள் இவள். சங்கு ஊதினாலும் ஊதாவிட்டாலும் ஒன்றாகவே இருக்கிற ஒருவர் இருப்பார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. செருப்பை உதறிவிட்டுக் கீழே ஓடினாள். கணுக்கால் அளவுக்கு வந்துவிட்டிருந்தது, செம்மண் நிறத்தில், யாருடையதோ ஒற்றைச் செருப்பைத் தள்ளிக்கொண்டு.

கடைசி வீட்டுக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. இரண்டு கையாலும் அடித்தாள். ஜன்னலில் கம்பி, கம்பிக்கு அந்தப் பக்கம் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு அம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். நீல நிறத் துணி ஊசிக்கு அடியில் நிதானமாக நகர்ந்தது. வெளியே சங்கு இன்னும் ஊதிக்கொண்டிருந்தது, வாட்ச்மேன் அண்ணன் கையை எடுக்கவே இல்லை. "அம்மா" என்று கத்தினாள், அது வீண் என்று தெரிந்தும் கத்தினாள். கம்பிக்குள் கையை விட்டு ஆட்டினாள். விளக்கு எதிர்ப்பக்கம் இருந்ததால் அவள் கை நிழல்கூட அங்கே போய் விழவில்லை.

கதவுக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே நுழைந்தது. சிமெண்டுத் தரையில் மெல்லியதாகப் பரவி, கீழே கிடந்த வெட்டுத் துணிகளை நனைத்து, மெஷினின் மிதிகட்டை வரைக்கும் போனது. தையல்காரம்மாவின் வெறும் கால் மேலும் கீழுமாக மிதித்துக்கொண்டிருந்தது. ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை கீழே இறங்கிய கால் அப்படியே நின்றது. நீலத் துணி நின்றது. அவர் முதலில் தன் காலைக் குனிந்து பார்த்தார்.