தனிமைக்கு வந்த விருந்தாளி

ஃபிட்ச்பர்க் வரைக்கும் ரயில் வந்த வருஷம், பனி உருகி முடிந்த கையோடு, கெசையா டார்பெல் அண்ணன் வீட்டை விட்டுக் காட்டுக்குள் குடிபோனாள். காடு என்றால் தொலைதூரம் ஒன்றும் இல்லை. அண்ணன் ஆசகேலின் மேய்ச்சல் நிலத்தைத் தாண்டினால் மேப்பிள் தோப்பு. தோப்புக்கு நடுவே மேப்பிள் மரச்சாற்றைச் சர்க்கரைப் பாகாகக் காய்ச்சுகிற பலகைக் கொட்டகை. மார்ச் மாதம் மட்டும்தான் அதற்கு வேலை. மிச்ச நாளெல்லாம் எலிகளின் ராஜ்யம்.

கெசையாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, காலுறை தைத்து, சோப்பு காய்ச்சியே முப்பது வயதைக் கடந்திருந்தாள். போன குளிர்காலத்தில் பாஸ்டனிலிருந்து வின்ஸ்லோ ஏவரில் என்பவர் ஊர் மண்டபத்தில் பேச வந்தார். கடவுள் சர்ச் மணிக்காகக் காத்திருப்பவர் இல்லை என்றார். தேவைகளைக் குறைத்துக்கொண்டு ஒரு மரத்தடியில் சும்மா உட்காருங்கள், உங்களுக்குள்ளேயே அவர் குரல் கேட்கும் என்றார். ஆண்கள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். பின் பெஞ்சில் பின்னல் வேலையோடு உட்கார்ந்திருந்த கெசையாவுக்குக் கை ஓடவில்லை. இத்தனை வருஷமாகத் தனக்கு இருந்த குறைக்கு யாரோ பெயர் வைத்துச் சொன்னது போலிருந்தது.

கொட்டகையில் அவள் வைத்துக்கொண்டது கொஞ்சம்தான். ஒரு கட்டில், ஒரு சட்டி, வாசலில் ஒரு அவரைப் பாத்தி. ஆனால் சும்மா உட்காருவதுதான் நடக்கவில்லை. கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த குளத்தங்கரையில் போய் உட்கார்ந்து, தண்ணீர் அசைவது அடங்கி, மூச்சும் அடங்குகிற நேரம் பார்த்து அண்ணி ஃபிலூராவின் குரல் வரும்.

"கெசையா! நொதிச்ச மாவுக் கலயத்த எங்கடி வெச்சே?"

"நிலவறைப் படிக்கட்டுக்குக் கீழ, அண்ணி."

"அங்க இல்லையே. வந்து எடுத்துக் குடுத்துட்டுப் போயேன், அஞ்சு நிமிஷம்."

அந்த ஐந்து நிமிஷம் சாயங்காலம் வரை நீளும். அண்ணி விட்டால் பாதிரியார். 'உன் ஆத்துமா எப்படி இருக்கும்மா?' என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஜெபம் செய்வார். அவர் விட்டால் ஊர்ப் பெண்கள், காட்டில் தனியாகப் படுத்துக்கொள்கிறவள் தலைவாரிக்கொள்கிறாளா என்று பார்க்க. கெசையா பல்லைக் கடித்துக்கொண்டு எல்லோருக்கும் தேநீர் போட்டாள்.

ஜூன் மாதம் ஏவரில் நேரிலேயே வந்தார், வண்டி நிறையச் சீடர்களோடு. அவள் காட்டில் குடியிருப்பதைக் கேள்விப்பட்டு வந்தாராம். கெசையா அவசரமாக வாசலைப் பெருக்கினாள். குளத்தைக் காட்ட வேண்டும், மனசுக்குள் அமைதி கூடி வருகிற நேரத்தில் அது ஏன் கலைந்துபோகிறது என்று கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அவளிடம் இருந்த அவரையையும் ரொட்டியையும் அவர்கள் சாப்பிட்டு முடித்தார்கள். பிறகு மௌனத்தைப் பற்றிப் பொழுது சாயும் வரை பேசினார்கள்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும்" என்று அவள் இரண்டு தடவை ஆரம்பித்தாள்.

"கேளுங்க, கேளுங்க மிஸ் டார்பெல்" என்றார் ஏவரில். "அதுக்கு முன்னாடி, இன்னும் கொஞ்சம் தேநீர் கிடைக்குமா?"

அவள் தண்ணீர் கொண்டுவரப் போனாள். திரும்பி வந்தபோது ஆசகேல் வந்திருந்தான். பாஸ்டன்காரர் தன் தோளில் கை போட்டுப் பேசியதில் அவன் முகம் பூரித்துக் கிடந்தது.

"கெசையா, ஐயா புஸ்தகம் எழுதப் போறாராம். தனிமையப் பத்தி. தோதா ஒரு இடம் வேணுமாம். நம்ம கொட்டகையே இருக்கே, எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டேன்."

"நான் இருக்கேனேண்ணா."

"உனக்கென்ன, வீடு இருக்கு! உன் ரூம் அப்படியேதானே கெடக்கு?"

அவள் ஏவரிலைப் பார்த்தாள். இந்த மனிதராவது வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் கனிவாகச் சிரித்தார்.

"பெண்களுக்குக் காடு வேணும்னு அவசியமில்ல, மிஸ் டார்பெல். அவங்க அடுப்படியிலயே பரம்பொருளைப் பார்க்கிறவங்க. நாங்கதான் இப்படி அலைஞ்சு தேடணும்."

"அடுப்படியில எனக்குப் புகைதான் தெரிஞ்சுது, ஐயா" என்றாள் கெசையா. சீடர்கள் அதை நல்ல நகைச்சுவை என்று சிரித்தார்கள்.

கெசையா அண்ணன் வீட்டுக்கே திரும்பினாள். அந்தக் கோடை முழுக்க ஏவரிலுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வேலை அவள் தலையில் விழுந்தது. கூடையை வாசலில் வைத்துவிட்டு நழுவப் பார்ப்பாள். அவர் விடமாட்டார். காட்டில் பேச ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். எழுதியதைப் படித்துக் காட்டுவார், ஆந்தைச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்பார், பழப் பணியாரத்துக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை சேர்க்கலாம் என்பார். கெசையாவின் அவரைப் பாத்தியில் களை இடுப்பளவு வளர்ந்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் அவள் கூடையைச் சமையல் மேஜைமேலேயே வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

"எங்கடி போறே? அந்த மனுஷன் பட்டினி கெடப்பாரே!" என்று கத்தினாள் ஃபிலூரா.

"தேவைகளைக் குறைக்கச் சொன்னவரு அவருதானே அண்ணி. குறையட்டும்."

நேராகக் குளத்தின் மறுகரைக்குப் போய் உட்கார்ந்தாள். ஒருவரும் கூப்பிடவில்லை. ஹெம்லாக் மரங்களுக்குள் ஒரு பறவை ஓயாமல் பாடியது. எந்த நேரத்துக்காக இத்தனை மாதம் ஏங்கினாளோ அதுவே வந்திருந்தது. ஆனால் அவள் காதில் பறவை விழவில்லை. அடுப்படியிலயே பரம்பொருள், அடுப்படியிலயே பரம்பொருள் என்று அந்தக் குரல்தான் சுற்றிச் சுற்றி வந்தது. அதற்கு விதவிதமாகப் பதில் சொல்லிக்கொண்டே பகலைத் தீர்த்தாள். எழுந்தபோது தலைவலி. இடத்தையும் எடுத்துக்கொண்டு, உள்ளேயும் வந்து உட்கார்ந்துகொண்டானே மனிதன் என்று முனகிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

அன்று முதல் ஏவரில் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வரத் தொடங்கினார். ஃபிலூரா பரிமாறினாள். கெசையா தன் தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள். முதல் உறைபனி விழுந்ததும் அவருக்கு இருமல் கண்டது. பாஸ்டனுக்கு வண்டி ஏறினார். போகும்போது இந்த மலையின் தனிமை தன்னைப் புது மனிதனாக்கிவிட்டது என்று எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்கினார்.

நவம்பரில் கெசையா மறுபடி படுக்கையைச் சுருட்டினாள். ஆசகேல் கதவை மறித்துக்கொண்டு நின்றான்.

"பைத்தியமா உனக்கு? பனிக்காலத்துல அந்தப் பலகைக்குள்ள செத்துப்போவே."

"அடுப்பு இருக்கு. வெறகு நான் வெட்டிக்குவேன்."

"மார்ச்சுல எனக்குச் சாறு காய்ச்சணும்."

"அதுவரைக்கும் இருக்கேன்."

"ஊரு என்ன சொல்லும்?"

"அவருக்கு என்ன சொல்லிச்சோ அதையே சொல்லட்டும்ண்ணா. தள்ளு."

அவன் நகரவில்லை. அவளே சுருட்டிய மெத்தையால் அவனை இடித்துக்கொண்டு வெளியேறினாள். பிள்ளைகள் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தார்கள்.

பனி கொட்டி வழி மூடியதும் பாதிரியாரும் வரவில்லை, பெண்களும் வரவில்லை. காலையில் பலகை இடுக்கு வழியாக உள்ளே சிதறியிருந்த பனித்தூளைப் பெருக்கித் தள்ளுவாள். பிறகு அடுப்பின் முன்னே உட்காருவாள், அமைதிக்காக. கொஞ்ச நேரத்தில் மனசுக்குள் ஏவரில் வந்துவிடுவார். அவள் வாய்விட்டே சண்டை பிடிப்பாள். ஆளில்லாத காட்டில் அவள் குரல் அவளுக்கே கர்ணகடூரமாகக் கேட்கும். சில நாள் சண்டை அண்ணனோடு, சில நாள் அண்ணியோடு. பாதிரியாரும் தன் பங்குக்கு வருவார்.

கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு காலை அப்படிக் கத்திக்கொண்டே விறகு பிளக்கப் போனாள். உறைந்த கட்டைகள், ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு வசவு. பாதி அடுக்கைப் பிளந்து முடித்து நிமிர்ந்தபோது, கொஞ்ச நேரமாகத் தான் யாரோடும் பேசவில்லை என்று கவனித்தாள். கவனித்த கணமே ஏவரில் தொண்டையைச் செருமினார்.

"வந்துட்டீங்களா?" என்றாள் எரிச்சலோடு. அடுத்த கட்டையை எடுத்து வைத்துக் கோடரியைத் தூக்கினாள்.