கடைசி ஒருவர்

மீட்டிங்கில் டீம் லீடர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். எங்கள் ஆப் பேச முடியாதவர்களுக்கானது. எழுதித் தட்டினால் டேப்லெட் அதைச் சத்தமாகச் சொல்லும். பழைய சிஸ்டத்தில் அதை ஓட்டுகிறவர்கள் போன வருடம் நாற்பது பேர். இப்போது ஒரே ஒருவர்.

"இந்த ஒரு ஆளுக்காக ஒவ்வொரு அப்டேட்டுக்கும் நாலு நாள் வேலை. யாருங்க அது?" என்றார்.

என் அப்பாதான். அந்த நாலு நாள் வேலையும் என் தலையில்தான் விழுகிறது. புது டேப்லெட் வாங்கிக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது, பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை மனிதர். கேட்டால், "அதுல வர்றது என் குரல் இல்ல" என்று பழையதில் தட்டுவார். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வருடமாகப் பழைய டேப்லெட்டின் கரகரத்த குரலில்தான் பேச்சு, சண்டை எல்லாம். அதுமட்டும் இவர் பெற்றெடுத்த குரலா? அதுவும் எவனோ செய்ததுதான். புது சிஸ்டத்தில் அந்தக் குரலைத் தூக்கிவிட்டார்கள், நான் என்ன செய்ய? ஒரு நாளைக்கு இருபது தடவை "இங்க வாயேன்" என்று தட்டுவார். அம்மா எந்த அறையில் இருந்தாலும் "தோ வரேன்" என்பாள்.

"இந்த மாசக் கடைசியோட நிறுத்திடலாம் சார்" என்றேன். சொன்னதும் நிம்மதியாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்பாவிடம் சொன்னேன். "அடுத்த மாசத்துலேர்ந்து இதுல ஆப் திறக்காதுப்பா. நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

"நீயா?" என்றது பழைய டேப்லெட்.

"நானேதான். எத்தனை வருஷம் ஒட்டுப்போட்டுட்டே இருக்கறது? என்னால முடியல."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்துவந்து, நகத்தால் கீறிப் பிரித்தார். அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தேன்.

"இங்க வாயேன்" என்று தட்டினார். செய்தி வாசிப்பவரைப் போல ஓர் இளைஞனின் குரல், பிசிறே இல்லாமல் வந்தது. சமையலறையில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. சத்தத்தைக் கூட்டி மறுபடி தட்டினார்.

"யாராவது அந்த டிவிய கொஞ்சம் குறைங்களேன்" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

டிவி ஓடவில்லை. அப்பா என்னைப் பார்க்கவில்லை. அவருடைய விரல் மூன்றாவது தடவைக்காகத் திரைக்கு மேல் அப்படியே நின்றது.