தொட்டாற்சிணுங்கிச் சந்து

சனிக்கிழமை காலை எட்டே காலுக்கு, ஜகார்த்தாவின் ஒரு விடுதி வாசலில், விரத்னோ கால் வைத்த சிமெண்டில் தொட்டாற்சிணுங்கி முளைத்தது. அடுத்த அடியிலும் முளைத்தது. அன்றைக்கு மிளகாய் விலை தாறுமாறாக ஏறியிருந்ததால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புர்வொரெஜோவில் கல்வி அலுவலக அதிகாரியான அவன் ஐந்து நாள் பயிற்சிக்காக வந்தவன். ஊர் திரும்ப மாலை ஐந்து மணிக்கு ரயில், அதுவரை சும்மா சுற்றலாம். எட்டு மணிக்கு, சாப்பிடும்போது, பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: "இவ்ளோ பெரிய ஊர்ல உங்களுக்குச் சொந்தபந்தம் யாரும் இல்லியா?" "யாருமில்லைங்க," என்றான். கால் மணி நேரத்தில் செடி முளைக்க ஆரம்பித்துவிட்டது.

சொந்தம் இருந்தது. மங்கராய் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் சந்தில் கீரைச்சோறு விற்கும் கசியேம் அவன் கூடப்பிறந்த அக்காள். ஊரார் துணி துவைத்துத் துவைத்து அவனைப் படிக்க வைத்தவள். ஒன்பது வருடத்துக்கு முன் அவன் கல்யாணத்தில், போட்டோ எடுக்கும் நேரத்தில், மஞ்சள் கையோடு சமையற்கட்டிலிருந்து ஓடி வந்தாள். பெரிய இடத்து மாமனார், "இவங்க யாரு?" என்று கேட்க, "பக்கத்து வீட்டுக்காரங்க, சமையலுக்கு ஒத்தாசையா வந்திருக்காங்க," என்று சொல்லிவிட்டான் பாவி. அவள் காதில் விழுந்தது. சிரித்துக்கொண்டே திரும்பிப் போய்க் குழம்பைக் கிளறினாள். அதற்குப் பிறகும் நோன்புப் பெருநாள் தவறாமல் அவனுக்குப் பலகாரப் பார்சல் அனுப்பினாள். பார்சல்மேல் இருந்த விலாசம் அவனுக்கு மனப்பாடம். போனில் மட்டும், "வரேன்க்கா, இன்னொரு நாள் வரேன்," என்பான்.

அன்றைக்கு அவன் சுற்றாத இடமில்லை. தேசிய நினைவுச் சின்னத்துப் புல்வெளியில் தோட்டக்காரர்கள் திட்டினார்கள். பஸ்ஸில் கண்டக்டர், "செடியோட வரவங்க பின்னாடி நில்லுங்க சார்," என்றார். துறைமுகத்தில் கப்பல் ஏறும் பலகையில்கூட முளைத்தது. அவன் திரும்பிப் பார்க்கும்போது மட்டும் இலைகள் எல்லாம் ஒன்றுபோல மூடிக்கொண்டன. அந்தச் செடிக்கு எங்கள் மொழியில் 'வெட்கப்பட்ட இளவரசி' என்று பெயர். ஆகவே யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பழம் நறுக்கி விற்ற ஒருத்தி அவன் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "அப்படி என்னய்யா பண்ணித் தொலைச்ச?" என்றாள். அவனுக்கு மானம் போயிற்று. வாங்கிய பழத்தைக்கூட எடுத்துக்கொள்ளாமல் நடந்தான்.

மூன்று மணிக்கு, போக வேண்டாம் என்று நினைத்த இடத்துக்கே கால்கள் கொண்டுவந்து விட்டிருந்தன. கசியேம் வாசலில் உட்கார்ந்து கடலை அரைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "மம்பிர்," என்றாள்.

வாசலைக் கடந்து போகிறவர்களுக்கு நாங்கள் சொல்லும் வார்த்தை அது. உள்ளே வந்துட்டுப் போங்க என்று பொருள், ஆனால் யாரும் வருவதில்லை. "ஆகட்டும், இன்னொரு நாள்," என்று சொல்லி நடையைக் கட்டுவதுதான் மரியாதை. கூடப்பிறந்தவனிடம் எவளும் அப்படிச் சொல்லமாட்டாள். சொன்னாளே! அவன் மூளை வேலை செய்வதற்குள் நாக்கு பழக்கதோஷத்தில், "ஆகட்டும், இன்னொரு நாள்," என்றுவிட்டது. சொன்ன பிறகு நிற்க முடியுமா? நடந்தான். முட்டாள்.

சந்து திரும்பும் இடத்தில், எதிர்வீட்டு ரொஹாயா கேட்பது காதில் விழுந்தது. "யாருடி அது, செடியும் கிடியுமா?"

"எங்க ஊருதான்க்கா. பக்கத்து வீட்டுக்காரரு," என்றாள் கசியேம்.

குத்திக்காட்டவில்லை அவள். அப்படிச் சொன்னால்தான் தம்பிக்குக் கௌரவம் என்று ஒன்பது வருடமாக நம்பியிருந்தாள், அவ்வளவுதான். அவன் சொன்ன பொய்யை அவனுக்காகவே பத்திரமாக வைத்திருந்தாள். செருப்பால் அடித்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். திரும்பி வந்தான். இடுப்பளவு வளர்ந்துவிட்ட செடியின் முள் காற்சட்டையைக் கிழித்தது. சந்தே பார்க்க, "இல்லைங்க, நான் தம்பி. கூடப்பொறந்த தம்பி. இவங்கதான் என்னை வளர்த்தாங்க. அன்னிக்கு நான்தான் வாய்கூசாம..." என்றான்.

"அதான் மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கே, ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு!" என்றாள் ரொஹாயா. "உள்ள கூட்டிட்டுப் போடி, ரத்தம் வருது."

"கால கழுவிட்டு வாடா, சோறு இருக்கு," என்றாள் கசியேம். கண்ணைத் துடைக்கப் போய்க் கடலை விழுது கன்னத்தில் அப்பிக்கொண்டது. ஐந்து மணி ரயில் போய்விட்டது.

மற்ற இடங்களில் செடியை மாநகராட்சி வெட்டிவிட்டது. எங்கள் சந்தில் விட்டுவிட்டோம், பால்காரர் சைக்கிளை ஒதுக்கி ஓட்டுவார். இப்போது விரத்னோ வருடம் தவறாமல் வருகிறான். கசியேம் மிதித்தால் இலைகள் விரிந்தபடியே இருக்கும். அவன் மிதித்தால் இன்றைக்கும் மூடிக்கொள்ளும். அதற்காக அவன் வராமல் இருப்பதில்லை.