கழுவிய கீறல்

லாரிச் சக்கரத்தின் லாக் ரிங் அதன் பள்ளத்தில் உட்காராமல் முரண்டு பிடித்தது. பாண்டியராஜன் வெயிலில் குத்தவைத்து, சுத்தியலால் வட்டமாகத் தட்டிக்கொண்டே வந்தான். டயர் வெளியே வந்துவிடாமல் பிடித்திருப்பது இந்த இரும்பு வளையம்தான். சரியாக உட்காராமல் காற்றடித்தால் தெறித்துக் கிளம்பும். இதே இடத்தில் முன்னால் வேலை பார்த்த மம்மது தாடை உடைந்து, இப்போது சந்தையில் வெங்காயம் விற்கிறான். பேசினால் பாதிச் சொல் காற்றாகப் போகும். பாண்டியராஜன் சக்கரத்தைக் குப்புறத் தள்ளி, சங்கிலியைச் சுற்றி, காற்றுக் குழாயை மாட்டிவிட்டு ஆறடி தள்ளிப் போய் நின்றான்.

நின்ற இடத்திலிருந்து தகரக் கொட்டகைக்குள் முகம்மது யூசுப் தெரிந்தான். கொட்டகை போட்டு இரண்டு வருஷம்தான் ஆகிறது. சுவரில் ஒரு ஃபேன், தரையில் ரப்பர் விரிப்பு, நடுவில் கார்ச் சக்கரம் ஆடாமல் ஓட எடைச் சமன் பார்க்கிற பேலன்சிங் மெஷின். ஷார்ஜாவில் ஆறு வருஷம் டயர் கடையில் இருந்தவன் என்று முதலாளி நெல்லைநாயகம் யூசுப்பைப் புளியங்குடியிலிருந்து குடும்பத்தோடு சங்கரன்கோவிலுக்குக் கூட்டிவந்து, நேராக அந்த ஃபேனுக்குக் கீழே நிறுத்தினார். பாண்டியராஜன் கடைக்கு வந்து பதினாலு வருஷம். அந்தக் கொட்டகைக்குத் தகரம் ஏற்றியதே அவன்தான்.

யூசுப்புக்கென்று ஒரு முறை இருந்தது. கார் வந்ததும் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிப் பைக்குள் போடுவான். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் காருக்காரரைக் கூட்டிக்கொண்டு நாலு சக்கரத்தையும் சுற்றிவருவான். பளபளக்கும் அலாய் வீலின் விளிம்பை விரல் நுனியால் தடவுவான். கீறல் தட்டுப்பட்டால் பக்கத்தில் மஞ்சள் சாக்பீஸால் ஒரு கோடு.

"இது வரும்போதே இருக்கு சார், பாத்துக்கிடுங்க. முன்னாலயே காட்டிட்டா பின்னால பேச்சு இல்லல்லா."

காருக்காரர்களுக்கு அது பிடித்துப்போனது. "இந்தப் பாய் வீல பச்சப் புள்ளயத் தூக்குத மாதிரில்லா தூக்குதாரு" என்று முதலாளியிடம் சொல்லுவார்கள். அவனுக்கென்று டீ சொல்லுவார்கள். டீ வாங்கப் போகிறவன் வெயில் பக்கம் திரும்பி இன்னொரு கிளாஸ் வேணுமா என்று கேட்டதில்லை.

போன வாரம் பாண்டியராஜனின் மனைவி யோகலட்சுமி ரேஷன் கடை வரிசையில் யூசுப்பின் மனைவி ஷரீபா பீவியைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"அவரு வேல முடிஞ்சி வந்தா, கை கூடக் கழுவாமப் புள்ளயத் தூக்குவாராம். ஒரு பொட்டு அழுக்கு இருக்காதாம். நீங்களும் அதே கடையிலதான வேல பாக்கிய?"

பாண்டியராஜன் மண்ணெண்ணெயும் சோப்புத்தூளும் போட்டு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்த்து முடித்துவிட்டு மகளின் கன்னத்தைத் தொட்டான். நாலு வயசுப் பிள்ளை. முகத்தைச் சுளித்து, "ரப்பர் நாத்தம்" என்று தள்ளிவிட்டது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. யூசுப் மேல்தான் வந்தது.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. பன்னிரண்டரைக்கு யூசுப் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு ஜும்மாவுக்குக் கிளம்பினான்.

"பாண்டியண்ணே, ஒரு எட்டு போயிட்டு வந்துருதேன். கொட்டகயக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க."

"போயிட்டு வாரும் வே. நாங்கள்லாம் காவலுக்குத்தான இருக்கோம்."

யூசுப் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு சிரித்தபடி போனான்.

அவன் தலை மறைந்த கொஞ்ச நேரத்தில் குருபிரசாத்தின் கார் வந்தது. கடை நிற்கிற இடமே குருபிரசாத்தின் அப்பாவுக்குச் சொந்தம். புதுக் கறுப்புக் கார். வீல் ஒவ்வொன்றும் கடைந்தெடுத்த வெள்ளிப் பாத்திரம் போல மின்னியது. பாண்டியராஜன் கையை டவுசரில் துடைத்துக்கொண்டு கிட்டே போனான். குருபிரசாத் குறுக்கே வந்து நின்றான்.

"நீங்க தொடாதீங்க. யூசுப் எங்க?"

"பள்ளிவாசலுக்குப் போயிருக்காப்ல சார். நான் கழட்டி..."

"மொதல்ல கையப் பாருங்க."

பாண்டியராஜன் கையைப் பார்த்தான். நகக் கண்ணெல்லாம் கிரீஸ்.

நெல்லைநாயகம் மேஜையை விட்டு ஓடிவந்தார். "வாங்க தம்பி, வாங்க. முன்னதப் பின்ன மாத்தி, பேலன்சிங் பாக்கணும், அவ்வளவுதான? யூசுப் இப்ப வந்துருவான். ஏலே பாண்டி, கைய நல்லாக் கழுவிட்டு வீலக் கழட்டு. சேறு போகக் கழுவி மட்டும் வையி. மெஷின்ல அவன் ஏத்துவான்."

"நாலு மணிக்கு நான் தென்காசில இருக்கணும்" என்றான் குருபிரசாத். பாண்டியராஜனைப் பார்க்காமலேயே, "வீலத் தரயில கவுத்துப் போட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தான்.

பாண்டியராஜன் மூன்று தடவை கை கழுவினான். யூசுப் வைத்திருக்கிற, முனையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்பேனரை எடுத்தான். வலப்பக்கம் இரண்டும் கழன்றன. இடப்பக்கம் பின்சக்கரத்தில் குனிந்தபோது அது கண்ணில் பட்டது.

விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். ஏதோ கல்லில் உரசியிருக்க வேண்டும். உள்ளே கறுப்பாகத் தூசி அப்பி இறுகியிருந்தது. ஒரு மாசமாவது ஆகியிருக்கும். ஓட்டுகிறவன் வலப்பக்கம் ஏறி வலப்பக்கம் இறங்குகிறான். இடப்பக்கப் பின்சக்கரத்தை அவன் எதற்குக் குனிந்து பார்க்கப் போகிறான்?

மெஷின் மேல் மஞ்சள் சாக்பீஸ் கிடந்தது. குருபிரசாத் பத்தடி தள்ளி நின்று யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். 'சார், இதக் கொஞ்சம் பாருங்க.' அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. பாண்டியராஜனுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. கூப்பிட்டால் திரும்பி முதலில் கையைத்தான் பார்ப்பான் என்று தோன்றியது. போல்ட்டைத் திருகினான். குருபிரசாத் பேசிக்கொண்டே சாப்பிடப் போய்விட்டான்.

சேறு ஒட்டியிருந்தால் பேலன்சிங் சரியாக நிற்காது. அதனால் கழுவுவது வேலைதான். பாண்டியராஜன் ஷாம்பூ போட்டுத் தண்ணீரைப் பீய்ச்சினான். சேறெல்லாம் இறங்கிவிட்டது. கீறல் மட்டும் கறுப்பாகவே நின்றது. போல்ட் குழிகளைத் தேய்க்கப் பழைய பல் பிரஷ் ஒன்று டப்பாவில் கிடந்தது. அதை ஷாம்பூவில் முக்கிக் கீறலில் வைத்துத் தேய்த்தான். கறுப்புக் கரைந்து வடிந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தான். உள்ளே இருந்த உலோகம் பளிச்சென்று, இப்போதுதான் கீறியது போல மின்னியது. இந்தப் பதினாலு வருஷத்தில் அவன் எந்தச் சக்கரத்தையும் இத்தனை நன்றாகக் கழுவியதில்லை.

யூசுப் வந்ததும் சட்டையை மாற்றினான். கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றினான். வீல்களைப் பார்த்துவிட்டு நின்றான்.

"சாரக் கூட்டிட்டுப் போயிச் சுத்திக் காட்டியாச்சாண்ணே?"

"ஆச்சு."

யூசுப்பின் விரல் கீறலில் வந்து நின்றது. "இதயுமா?"

"அதான் ஆச்சுங்கேன்லா. தெனம் நீரு செய்யுதத நான் பாக்கலயா வே?"

யூசுப் தலையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடங்கினான். வீலின் முகம் எதிலும் படாமல் நெஞ்சோடு அணைத்துத் தூக்கி மெஷினில் மாட்டினான். சாதா வீலுக்கு அடிப்பது போல விளிம்பில் ஈயத்தை அடித்து ஏற்றாமல், உட்பக்கம் துடைத்து ஸ்டிக்கர் வெயிட்டை ஒட்டினான். பின்னதை முன்னால் போட்டான், முன்னதைப் பின்னால் போட்டான். ஒவ்வொரு போல்ட்டையும் கையாலேயே முடுக்கினான். கீறல் விழுந்த சக்கரம் இடப்பக்கம் முன்னால் வந்து உட்கார்ந்தது.

இரண்டரைக்குக் குருபிரசாத் வந்தான். காருக்கு முன்பக்கமாகச் சுற்றிக் கதவைத் திறக்கப் போனவன் பாதியில் நின்றுவிட்டான்.

"இது என்ன?"

யூசுப் பக்கத்தில் வந்தான். "அது வரும்போதே இருந்தது சார். பாண்டியண்ணன் ஒங்கள்ட்ட காட்டுனாருல்லா?"

"எனக்கு யாரும் ஒண்ணும் காட்டல. பளிச்சுனு இருக்கு, இது பழசா?"

எல்லோரும் திரும்பினார்கள். பாண்டியராஜன் கையில் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் அவன் காலைச் சுற்றித் தேங்கியது.

"நான் கழுவயில கீறல் ஒண்ணும் இல்ல" என்றான்.

யூசுப் குத்தவைத்துக் கீறலைத் தடவி, விரலை மூக்குக்குக் கொண்டுபோனான். ஷாம்பூ வாசம் இன்னும் போயிருக்காது.

"நல்லாக் கழுவிருக்கியண்ணே" என்றான்.

"அப்பாட்டச் சொல்லுதேன்" என்று குருபிரசாத் போனை எடுத்தான். நெல்லைநாயகம் அந்தக் கையைப் பிடித்தே விட்டார். "தம்பி, தம்பி, பொறுங்க. பாலிஷ் என் பொறுப்பு." பிறகு ரோட்டுக்குக் கேட்கிற மாதிரி யூசுப்பைப் பார்த்துக் கத்தினார். "நாளைலருந்து நீ இங்கன வராண்டாம்லே. வெளிய போ."

யூசுப் பையிலிருந்து மோதிரத்தை எடுத்துப் போட்டான். கடிகாரத்தைக் கட்டினான். வெள்ளைச் சட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தான்.

மறுநாள் காலை பாண்டியராஜன் ஃபேனுக்குக் கீழே நின்றான். முதுகில் காற்றுப் பட்டது. ஒரு டாக்டரின் கார் வந்தது. "நீங்கதான் இப்பம் வீல் பாக்கியளா?" என்று டாக்டர் கேட்டார். "ஆமா சார்" என்று சொன்னபோது வாய் இனித்தது. பதினோரு மணிக்கு டிப்பர் லாரி ஒன்று வந்து வெயிலில் நின்று ஹாரன் அடித்தது.

"அண்ணாச்சி, லாரிக்கு யாரு?"

"நீதாம்லே. வேற யாரு?"

"அப்பம் கொட்டக?"

"அதுவும் நீதான். காரு என்ன, ஒரு நாளைக்கு நூறா வருது?"

லாரியிலிருந்து காருக்கும் காரிலிருந்து லாரிக்கும் ஓடினான். ஒவ்வொரு தடவையும் கிரீஸ் போக மண்ணெண்ணெயில் கை கழுவ வேண்டும். ஒரு கறுப்புப் பொட்டு அலாய் வீலில் பட்டால் நெல்லைநாயகம் மேஜையிலிருந்தே கத்துவார். மூன்று வாரத்தில் விரலிடுக்குத் தோல் வெடித்தது. குழம்பு பட்டால் உயிர் போனது. யோகலட்சுமி ஸ்பூன் எடுத்துக் கொடுத்தாள். அவன் சின்னப் பிள்ளை மாதிரி சோற்றை அள்ளித் தின்றான்.

"யூசுப்பு பைபாஸ்ல ஒரு மரத்து நெழல்ல பஞ்சர் ஒட்டுதாராம்" என்றாள் அவள். "நாளுக்கு நாலு வண்டி வந்தாலே பெருசாம். ஷரீபா காதுல கம்மலக் காணும். பாத்துட்டு எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு."

பாண்டியராஜன் ஸ்பூனைக் கீழே வைத்தான். "நாலு வண்டிதானா?"

"ஆமா."

"நெழல்லயா?"

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். அவன் மல்லாந்து படுத்து, அன்றைக்கு எத்தனை தடவை கை கழுவினோம் என்று எண்ணிப் பார்த்தான். பதினேழு வரைக்கும் வந்தது. யூசுப் நாலு டியூபைத் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு, வெயில் இறங்குவதற்குள் வீட்டுக்குப் போயிருப்பான். பிள்ளையைத் தூக்கியிருப்பான். அந்த நினைப்பு நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் அவன் முதலாளியின் மேஜை முன்னால் போய் நின்றான். நெல்லைநாயகம் அவித்த கடலையை உரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, யூசுப்பக் கூப்பிட்டுக்கிடலாம். என்னால ரெண்டையும் பாக்க முடியல."

"கீறல் போட்டவன எதுக்குலே கூப்பிடணும்?"

"அது பழைய கீறல். நான்தான் பாத்துட்டும் காட்டல. பிரஷ் போட்டு வேற தேச்சிட்டேன்."

நெல்லைநாயகம் ஒரு கடலையை வாயில் போட்டார். "பழசுன்னு எனக்குத் தெரியாதாக்கும்? முப்பது வருஷமா வீல் பாக்கேன்."

"தெரிஞ்சுமா அண்ணாச்சி..."

"எடம் அவங்க எடம்லே. கோவப்பட்டுட்டா நாளைக்கே காலி பண்ணும்பான். ஒருத்தன வெரட்டுனாத்தான் அந்தப் பய கண்ணுக்குச் சரியாவும். ஒன்ன வெரட்டுனா லாரிக்கு ஆள் கெடையாது. அவனுக்குச் சம்பளம் வேற கூட." தோலைக் கூடையில் தட்டினார். "இப்பம் என்ன கொற? ஒத்த ஆள்ல ரெண்டு வேலயும் நல்லாத்தான நடக்கு."

நெல்லைநாயகம் பாண்டியராஜனின் கையைப் பார்த்தார். டிராயரை இழுத்து, பிளாஸ்டிக் கவர் பிரிக்காத ஒரு ஜோடி வெள்ளைப் பருத்திக் கையுறையை எடுத்து மேஜை மேல் போட்டார்.

"போட்டுக்கோ."

போட்டான். வெடிப்பின் மேல் பஞ்சு வைத்தது போல மெத்தென்று இருந்தது. பதினாலு வருஷத்தில் முதலாளி அவனுக்கென்று வாங்கிக் கொடுத்த முதல் சாமான் அதுதான். விரல்களை மடக்கி விரித்தான்.

"நல்லாருக்கு அண்ணாச்சி."

"நேத்து டாக்டர் வீல்ல ஒன் ரத்தம் பட்டிருந்துச்சு. நான் பாத்துத் தொடச்சேன். அவரு பாத்திருந்தா என்ன ஆவும்? இனிமே உறையில்லாம அலாயத் தொடாத." கடலை மெல்வதை நிறுத்தினார். "லாரிக்குப் போவும்போது கழட்டி வச்சிட்டுப் போ. வெள்ளத்துணி, கிரீஸ் பட்டா போவாது."

வெளியே லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்து எடுக்காமல் அழுத்தினான். பாண்டியராஜன் கொட்டகைக்குப் போய் விரல் விரலாக உறையைக் கழற்றினான். சுட்டுவிரலில் துணி வெடிப்போடு ஒட்டிக்கொண்டு, இழுத்தபோது தோலும் சேர்ந்து வந்தது. இரண்டையும் நீவி ஜோடி சேர்த்து, காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு ஸ்பேனரை வைத்தான். ஃபேன் அவற்றின் மேல் சுழன்றுகொண்டிருந்தது. அவன் வெயிலில் இறங்கி, லாரிச் சக்கரத்தின் கொதிக்கிற போல்ட்டை வெறுங்கையால் பிடித்தான்.