முதலாளியின் தனி டப்பா

முதலாளி தன் மூலிகைக் கேப்சூலைத் தானே தின்னமாட்டார். மூட்டுவலிக்கு அவருக்கு வேண்டியது கலப்பில்லாத கிழங்குப் பொடி. திங்கட்கிழமைதோறும் அதைத் தனியாகச் சலித்து டப்பாவில் அடைப்பது கலவை அறைப் பெண்ணின் வேலை. தலை முதல் கால் வரை மாவு படிந்து நிற்பதால் எல்லோருக்கும் அவள் பொடியக்கா.

விற்பனைக்குப் போகும் கலவையில் 'ஸ்டார்ச்' என்று எழுதிய மூட்டையிலிருந்து வெள்ளைத்தூள் சேரும். அது ஸ்டீராய்டு என்று ஆஸ்பத்திரியில் சோதித்துச் சொன்ன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அதற்குள் தங்கையின் இடுப்பெலும்பு உளுத்துப்போயிருந்தது. தையல்காரி, இனி மிஷின் மிதிக்க முடியாது. இரண்டு வருஷமாக அந்தக் கேப்சூலை வாங்கிக் கொடுத்தவள் இதே அக்காதான்.

நியாயம் கேட்கப் போனாள்.

"உன் தங்கச்சி கண்டதையும் தின்னிருப்பா. மூலிகை யாரைக் கெடுத்துச்சு? போய் வேலையைப் பாரு" என்றார் முதலாளி, போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

வேலையைப் பார்த்தாள். அடுத்த திங்கள் முதல் டப்பாவில் போனது கடைக்குப் போகும் அதே கலவை.

ஒரே மாதத்தில் மனுஷர் மாடிப்படியில் துள்ளி ஏறினார்.

"பாத்தியா பொடியக்கா? முட்டிவலி போன இடம் தெரியல!"

"எல்லாம் உங்க கைராசி, முதலாளி" என்றாள், சல்லடையைத் தட்டியபடி.

ஆறாவது மாதம் அவர் முகம் பூசணிக்காயாக வீங்கியது. சர்க்கரை எகிறியது. பிறகு வெளியூர் போனவர் டப்பாவை மறந்தார். நாலாம் நாள் சுருண்டு விழுந்தார்.

பழத்துடன் அவள் வார்டுக்குள் நுழைந்தபோது டாக்டரம்மா அதட்டிக்கொண்டிருந்தார்.

"ஸ்டீராய்டைத் திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து சார். தினம் எவ்வளவு உள்ள போச்சுன்னு தெரிஞ்சாத்தான் படிப்படியா குறைக்க முடியும்."

"சத்தியமா வெறும் கிழங்குப் பொடிதான் டாக்டர்!"

டாக்டரம்மா சலித்துக்கொண்டு பக்கத்துக் கட்டிலுக்கு நகர்ந்தார். பொடியக்கா குனிந்தாள்.

"ஊருக்கு விக்கிறதைத்தான் உங்களுக்கும் குடுத்தேன்."

அவர் முகம் வெளிறியது. "அடிப்பாவி! உன்னை உள்ள தள்ளாம விடமாட்டேன்!"

"தள்ளுங்க. எதைக் கலந்தேன்னு போலீஸ்ல நீங்கதானே சொல்லணும்? தங்கச்சியைப் பாத்துக்க ஆள் வச்சிட்டுத்தான் வந்திருக்கேன். எனக்கு அவசரமில்ல. உங்களுக்குத்தான்."

முதலாளி அவளையும், கையில் ஏறும் சொட்டு மருந்தையும் மாறிமாறிப் பார்த்தார். உயிர் வெல்லம்.

"டாக்டர்..." என்று கூப்பிட்டார். "கேப்சூலுக்கு அஞ்சு மில்லிகிராம். டப்பா கணக்குல... தினம் நாலு கேப்சூல் அளவு."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "எந்தக் கேப்சூலுக்கு?"

அவர் பெயரைச் சொன்னார். அவரே வைத்த பெயர். வார்டு மொத்தமும் திரும்பியது. பக்கத்துக் கட்டில் கிழவர் தலையணைக்கடியிலிருந்து அதே பாட்டிலை எடுத்து வெறித்துப் பார்த்தார். டாக்டரம்மா போனை எடுத்து மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தைக் கூப்பிட்டார்.

"என் தங்கச்சியையும் எழுதிக்குங்க டாக்டர்" என்றாள் பொடியக்கா. "வயசு முப்பத்தெட்டு. இடுப்பெலும்பு. கலந்த கை என்னோடது, அதையும் எழுதுங்க."

முதலாளி வாய்விட்டு அழுதார். அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்தாள். அந்த அழுகை அவளுக்குப் போதவில்லை.