நான்காம் தளத்து ஜன்னல்

லிஃப்ட் நான்காம் தளத்தில் நின்று கதவு திறந்தது. எதிரே ஒரு மஞ்சள் பலகை. ‘பராமரிப்புப் பணி. அனுமதி இல்லை.’ பலகைக்குப் பின்னால் ஏணி, சிமெண்டு வாளி, சுருட்டி வைத்த பிளாஸ்டிக் விரிப்பு. என்னைச் சுற்றிக் காட்ட வந்த மருத்துவமனைப் பராமரிப்பு மேற்பார்வையாளர் கைப்பேசியில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். ஜெனரேட்டருக்கு டீசல் வரவில்லையாம்.

நான் வெளியே காலை வைக்கவில்லை. பலகையைப் படம் எடுத்துக்கொண்டு ஐந்தாம் தளத்துப் பொத்தானை அழுத்தினேன். கதவு மூடியது. அப்போதுதான் மூச்சு விட்டேன்.

என் மனைவி அந்தத் தளத்தின் கடைசி அறையில் இறந்தாள். போன மழைக்காலத்தில். ரத்தத்தில் வந்த நோய். கல்யாணத்துக்கு வாங்கிய பீரோவின் சாவிகூட இன்னும் புதிதாக இருக்கிறது.

நான் வேலை செய்யும் வங்கியில் வட்டி கிடையாது. இதைச் சொன்னால் கேட்பவர் ஒரு மாதிரி சிரிப்பார். பழகிவிட்டது. பணம் கேட்டு வருகிறவருக்கு நாங்கள் பணத்தைக் கடனாகத் தருவதில்லை. அவரிடம் உள்ள கட்டிடத்தையோ கப்பலையோ விலைக்கு வாங்கி, அவருக்கே வாடகைக்கு விடுகிறோம். கட்டிடத்தின் உரிமையைச் சிறு பங்குகளாக்கிப் பல நாட்டுச் சந்தைகளில் விற்கிறோம். அந்தப் பங்குக்கு சுகூக் என்று பெயர். வாங்குகிறவர்களில் ஐந்து வேளை தொழுகிறவர்களும் உண்டு. தொழுகை எந்தத் திசையில் என்றே தெரியாத ஓய்வூதிய நிதிகளும் உண்டு. வாடகை அவர்களுக்குப் போகும். சில வருடங்கள் கழித்துப் பழைய சொந்தக்காரரே கட்டிடத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்.

இதில் ஒரு தொல்லை. வாடகை வாங்க வேண்டுமானால் பொருள் இருக்க வேண்டும். இருந்தால் மட்டும் போதாது, பயன்பட வேண்டும். கூரை விழுந்த வீட்டுக்கு வாடகை கேட்க இஸ்லாமிய மார்க்கத்தில் இடமில்லை. அதனால் விற்பதற்கு முன் ஒருவர் போய்க் கண்ணால் பார்த்து எழுதித் தர வேண்டும். எங்கள் பிரிவில் அந்த ஒருவர் நான். இந்தத் தடவை பொருள், இந்த மருத்துவமனை. புதிதாக ஒரு கட்டிடம் எழுப்ப அவர்களுக்குப் பணம் வேண்டும். இருக்கிற கட்டிடத்தை விற்கிறார்கள். அன்று மாலை விலை அறிவிப்பு.

கீழே வாசலில் மேற்பார்வையாளர் கை கொடுத்தார்.

“ஒண்ணு கேக்கலாமா சார்? வட்டிக்கு வாடகைன்னு ஒரு சட்டையைப் போட்டு விடுறீங்க. உள்ள இருக்கிற ஆள் அதே ஆள்தானே?”

“எல்லாரும் கேக்குறதுதான்.”

“பதில்?”

“வண்டி வந்துடுச்சு,” என்றேன்.

வண்டியில் உட்கார முடியவில்லை. கண்ணாடியை இறக்கினேன், ஏற்றினேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். அறிக்கையை மடியில் வைத்தே எழுதி முடித்தேன். ‘நான்காம் தளம்: பயன்பாட்டில் இல்லை. விற்பனையில் சேர்க்க வேண்டாம்.’ பலகையின் படத்தை இணைத்தேன். அனுப்பினேன்.

அந்த அறையை யாரும் வாங்கக் கூடாது என்று எனக்கு இருந்தது. எங்கோ ஒரு நகரத்தில், ஒரு திரையில், யாரோ ஒருவர் ஒரு பொத்தானைத் தட்டி அதை வாங்குவார். மறுநாள் வேறொருவருக்கு விற்பார். அதை நினைத்தால் காலை ஆட்டாமல் இருக்க முடியவில்லை. பலகை நல்ல சமயத்தில் கையில் கிடைத்த சாக்கு.

எங்கள் பிரிவுத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம். எப்போதும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டது போல நிற்பார். நான் உள்ளே நுழையும்போது அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தார். ஒரு ஓரமாக ஆலிமா உட்கார்ந்திருந்தார். மார்க்கச் சட்டம் படித்தவர். எங்கள் ஒவ்வொரு விற்பனையையும் சரிபார்ப்பது அவர் வேலை. அவருக்கு ஜலதோஷம். கையில் கைக்குட்டை.

“தம்பி, வாங்க. தலையில கல்லைப் போட்டுட்டீங்களே,” என்றார் அவசரம். “நாலாவது மாடியை எடுத்துட்டா கட்டிடத்தோட மதிப்பு நாம விக்கிற தொகைக்கே வரலை. மிச்சத்துக்கு எதை விக்கிறது? காத்தையா?”

“வெறும் பணத்துக்குப் பணம் வித்த மாதிரி ஆயிடும்,” என்றார் ஆலிமா. “அதுக்குப் பேருதான் வட்டி.”

“கேட்டுக்கிட்டீங்களா? மூணு கண்டத்துல ஆளுங்க போனைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. இன்னிக்கு விலை சொல்லலைன்னா வேற கடைக்குப் போயிடுவாங்க. மருத்துவமனைக்காரங்க அஸ்திவாரமே தோண்டிட்டாங்க.”



ஆலிமா படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். மூக்கைத் துடைத்தார்.

“இது பலகை. தளத்தைப் பார்த்தீங்களா?”

“அனுமதி இல்லைன்னு போட்டிருந்துச்சு.”

“படிச்சேன். பார்த்தீங்களான்னு கேட்டேன்.”

“இல்ல.”

“நாம என்ன, பலகைக்கா வாடகை வாங்கப் போறோம்?”

அவசரம் சட்டென்று நின்றார். “அப்பாடா. அப்ப விஷயம் முடிஞ்சுது. பார்க்கலை இல்ல? ‘பயன்பாட்டில் உள்ளது’ன்னு திருத்திக் குடுங்க. நான் கீழ சொல்லிடறேன்.”

“அதுவும் பார்க்காம எழுதறதுதான் சார்,” என்றார் ஆலிமா.

“அம்மா தாயே, ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்க.”

“நான் ஒரே பக்கம்தான் நிக்கிறேன். நடக்கிறது நீங்க.”

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். வரவில்லை.

அவசரம் வெளியே போனதும் ஆலிமா குரலை இறக்கினார். என் மனைவி இறந்த அன்று மய்யித்து வீட்டுக்கு அவர் வந்திருந்தார். பெண்கள் பக்கத்தில் மாமியோடு, என் மனைவியின் அம்மாவோடு, நெடுநேரம் உட்கார்ந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது.

“அந்த மாடியா?”

தலையாட்டினேன்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாம். வேற ஆளை அனுப்பட்டுமா?”

வேறு ஆள் போவான். எட்டிப் பார்ப்பான். ‘சரி’ என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போவான்.

“வேணாம். நானே போறேன்.”

“போனா உள்ளதை எழுதணும்.”

“தெரியும்.”

“உங்களுக்கு எது வேணும்னு நான் கேக்கலை. அந்த அறையில ஒரு நோயாளி படுக்க முடியுமா, முடியாதா? அது மட்டும்தான்.”

திரும்பவும் வண்டி. திரும்பவும் அந்த வாசல். மேற்பார்வையாளர் என்னைப் பார்த்து, “என்ன சார், எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?” என்றார்.

“நாலாவது மாடியை.”

“அதுவா? லிஃப்ட் வாசல்ல தரை ஓடு மாத்தறாங்க. மாடி பூரா ஆளுங்க இருக்காங்களே. நீங்க கேக்கவே இல்லையே.”

அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படியில் ஏறினேன். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நிற்கத் தோன்றியது. நின்றால் திரும்பிவிடுவேன் என்று தெரிந்ததால் நிற்கவில்லை.

மாடி பூரா ஆட்கள் இருந்தார்கள். செவிலியர் மேசையில் மணி அடித்தபடி இருந்தது. ஒவ்வொரு அறையாகத் தட்டி, தலையை நீட்டி, மன்னிப்புக் கேட்டு, விளக்கு எரிகிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார்த்தேன். எரிந்தது. வந்தது. ஆக்ஸிஜன் குழாய்களில் சீல் சரியாக இருந்தது. கடைசி அறைக்கு முன்னால் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

தட்டினேன்.

“வாங்க வாங்க. இப்பதான் வழி தெரிஞ்சுதா?” என்றது ஒரு பெண் குரல்.

கட்டிலில் ஒரு பருமனான மனிதர் படுத்திருந்தார். வயிற்றில் கட்டு. குரல் கொடுத்த பெண், அவர் மனைவி, பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெஞ்சில்தான் மாமி படுப்பார்.

“ஜன்னலுக்குத்தானே வந்தீங்க? மூணு நாளா சொல்லிக்கிட்டிருக்கேன்,” என்றார் அந்தப் பெண்.

“இல்லம்மா. கட்டிடம் பார்க்க வந்தேன்.”

“பெரிய ஆளுப்பா,” என்றார் கட்டிலில் இருந்தவர். “நான் ஸ்கூல் பஸ் ஓட்டறவன். ஒரு பஸ்ஸை வாங்கறதுக்கே ஏழு தடவை சுத்திப் பார்ப்பாங்க. கட்டிடத்தையே வாங்கப் போறீங்களா?”

“நான் இல்ல. வெளிநாட்டுக்காரங்க.”

“அவங்க வந்து படுத்துப் பார்க்க மாட்டாங்களா?”

“மாட்டாங்க. அதுக்குத்தான் நான்.”

“அப்ப எந்திரிக்கிறேன். நீங்க படுங்க.”

“சும்மா இருங்க. தையல் பிரிஞ்சுடப் போகுது,” என்று மனைவி அவர் தோளில் தட்டினார்.

விளக்கு எரிந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. அழைப்பு மணியை அழுத்தினேன். வெளியே மேசையில் அடித்தது. கட்டிலின் தலைப்பக்கம் உயர்ந்தது, தாழ்ந்தது. ஒரு நோயாளி படுக்க முடியுமா? படுத்திருக்கிறார். ஆரஞ்சுச் சுளை தின்கிறார்.

மிச்சம் ஜன்னல்.

என் மனைவி இங்கே இருந்தபோதே கொக்கி உடைந்திருந்தது. காற்று அடித்தால் கதவு திறந்துகொள்ளும். அவளுக்குக் குளிர் ஆகாது. செவிலியரிடம் சொன்னேன், அலுவலகத்தில் சொன்னேன், வரவேற்பில் எழுதிக் கொடுத்தேன். ஆள் வருவான் என்றார்கள். கடைசியில் என் விசிட்டிங் கார்டை நான்காக மடித்து இடுக்கில் செருகினேன்.

அது அங்கேயே இருந்தது. ஓரம் பழுத்து, வங்கியின் சின்னம் பாதி தெரிய. கை நீட்டினேன்.

“ஐயோ, அதை எடுக்காதீங்க,” என்றார் அந்தப் பெண். “யாரோ புண்ணியவான் வெச்சுட்டுப் போயிருக்கான். எடுத்தா இவருக்கு ராத்திரி பூரா காத்து.”

கையை இழுத்துக்கொண்டேன்.

“சரிம்மா.”

“நீங்களாவது அந்த வெளிநாட்டுக்காரங்ககிட்ட சொல்லுங்க. வாங்கறதுன்னா இதையும் சேர்த்துத்தானே வாங்கறாங்க?”

சேர்த்துத்தான். கடன் கொடுத்தவனுக்கு ஜன்னலைப் பற்றிக் கவலையில்லை. தவணை வந்தால் போதும். ஆனால் வாடகைக்கு விட்டவன் சொந்தக்காரன். பயன்படுத்துவதால் வரும் சில்லறைச் செலவு குடியிருப்பவருடையது. கட்டிடத்தோடு சேர்ந்த பழுது சொந்தக்காரருடையது. எங்கள் ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் இது உண்டு. எத்தனையோ தடவை அதை எழுதியிருக்கிறேன். ஒரு ஜன்னலை நினைத்து எழுதியதில்லை.

வராந்தாவில் நின்றுகொண்டே அறிக்கையைத் திருத்தினேன். ‘நான்காம் தளம்: நேரில் பார்த்தேன். முழுதும் பயன்பாட்டில் உள்ளது. விற்பனையில் சேர்க்கலாம்.’ அடுத்த வரியை எழுதி, அழித்து, திரும்ப எழுதினேன். ‘கடைசி அறையின் ஜன்னல் கொக்கி உடைந்துள்ளது. பழுது நீக்குவது உரிமையாளர்கள் பொறுப்பு. வாடகை தொடங்கும் முன் செய்ய வேண்டும்.’

அனுப்பிய உடனே அவசரம் கூப்பிட்டார்.

“தம்பி, நல்லா இருப்பீங்க. ஆனா இது என்ன கடைசியில? மூணு கண்டத்துல விக்கிறோம். அதுல ஒரு கொக்கியா? வாங்கறவன் சிரிக்க மாட்டானா?”

“சிரிக்கட்டும் சார்.”

“அந்த ஒரு வரியை எடுத்துட்டு அனுப்புங்களேன்.”

“ஆலிமாகிட்ட கேளுங்க.”

“பக்கத்துலதான் இருக்காங்க. கேட்டாச்சு. கொக்கி இல்லாம கையெழுத்து கிடையாதாம்.” பின்னால் யாரோ தும்மினார்கள். “சரி, போகட்டும். ஒரு கொக்கிக்காக மார்க்கெட் ஒண்ணும் விழுந்துடாது.”

வைத்துவிட்டார். பழுதுச் செலவை உரிமையாளர் கணக்கில் எழுதும்படி மேற்பார்வையாளருக்கும் ஒரு செய்தி அனுப்பினேன். ‘இதுக்குத்தான் திரும்ப வந்தீங்களா சார்?’ என்று பதில் வந்தது. ‘காலையில் நீங்க கேட்டதுக்கும் இதுதான் பதில்,’ என்று எழுதினேன்.

கைப்பேசி மறுபடி அடித்தது. மாமி. தினமும் மத்தியானம் கூப்பிடுவார், சாப்பிட்டாயா என்று கேட்பார். சாப்பிட்டேன் என்பேன். அவ்வளவுதான் பேச்சு. அவர் வீட்டுக்குப் போவதை நான் நிறுத்தி நாளாயிற்று. அங்கே அவள் படம் இல்லை; ஆனால் மாமி சிரித்தால் அவள் முகம்.

“சாப்பிட்டியா தம்பி?”

பின்னால் ஒலிபெருக்கி ஒரு மருத்துவரின் அறை எண்ணைச் சொன்னது. மாமி அந்தக் குரலைப் பல நாள் கேட்டவர்.

“எங்க இருக்க நீ?”

“ஆஸ்பத்திரியில. எனக்கு ஒண்ணும் இல்ல. வேலையா வந்தேன்.”

“அங்கயா?”

“நாலாவது மாடி.”

நான் சுவரோரமாக நடந்தேன், திரும்பினேன்.

“அந்த ஜன்னலைச் சரி பண்ணிட்டாங்களா?”

நடந்துகொண்டிருந்தவன் நின்றேன்.

“இல்ல மாமி. அப்படியேதான் இருக்கு. பண்ணுவாங்க. எழுதிக் குடுத்துட்டேன்.”

“அப்பவும்தான் எழுதிக் குடுத்த.”

“அப்ப கேட்டுப் பார்த்தேன். இப்ப பண்ணலைன்னா அவங்களால வாடகை வாங்க முடியாது.”

“யாரால?”

எப்படிச் சொல்வது என்று பார்த்தேன். “இந்தக் கட்டிடத்தை நிறையப் பேரு சேர்ந்து வாங்கறாங்க மாமி. தூர தேசத்துல இருக்காங்க. ஜன்னலும் இனிமே அவங்களுது.”

“அவங்களுக்கு அவளைத் தெரியாதே.”

“தெரியாது.”

“தெரியாதவங்கதான் செய்வாங்கபோல,” என்றார் மாமி. “நீ சாப்பிட்டியான்னு கேட்டேனே.”

“இல்ல மாமி.”

இதுவரை அப்படிச் சொன்னதில்லை. மறுமுனையில் ஒரு பாத்திரத்தின் மூடியைத் திறக்கும் சத்தம்.

“சோறு இருக்கு. வா.”

லிஃப்ட் வாசலில் ஓடு பதிக்கிறவர் பலகையை ஓரமாகத் தள்ளி, ஈரம் படாமல் நடக்க ஒரு அட்டையைப் போட்டுத் தந்தார். அதன் மேல் கால் வைத்துப் போனேன்.