பட்டியலில் இல்லாத ஒன்பது பேர்

தொண்ணூற்றொன்பதாம் வருடப் பொங்கலுக்கு, திருமானூர்ப் பக்கம் கரும்பு வெட்டி முடித்து வேப்பந்தட்டைக்குத் திரும்பிய கொளஞ்சிக்கு இடி மாதிரி ஒரு சேதி காத்திருந்தது. மகள் பானுப்ரியா பத்தாவது பரீட்சை எழுத முடியாதாம். பள்ளிக்கூடம் அனுப்பிய பெயர்ப்பட்டியலில் அவள் பெயரே இல்லை.

தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் கூடமாட வெட்டவும் அவளும் ஒரு மாதம் வெட்டுக்காட்டில் கிடந்தது உண்மைதான், கணக்கில் பின்தங்கியதும் உண்மைதான். ஆனால் தலைமையாசிரியர் உத்திராபதியின் கவலை வேறு. மூன்று வருடமாக நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டிப் பெயர் வாங்கியவர் அவர். தேறாது என்று தோன்றும் பிள்ளைகளை, 'பெற்றோர் விருப்பப்பட்டு நிறுத்திக்கொண்டனர்' என்று கடிதம் வைத்துக் கழித்துவிடுவார். இந்த வருடம் ஒன்பது பேர். எல்லாம் கரும்பு வெட்டுகிற, செங்கல் சூளையில் வேகிற வீட்டுப் பிள்ளைகள். வசதியான வீட்டுப் பிள்ளை ஒன்றுகூட அதில் இல்லை என்று சொல்லவும் வேண்டுமா?

அடுத்த வருடம் தனியாக எழுதட்டும் என்றார் அவர். அடுத்த வருடம் மகள் கையில் பேனா இருக்காது, வெட்டரிவாள்தான் இருக்கும் என்பது கொளஞ்சிக்குத் தெரியும். அறிவியல் டீச்சர் அமிர்தவல்லிதான் மனசு கேட்காமல், நீ கொடுத்ததாகச் சொல்லும் கடிதத்தைக் காட்டச் சொல்லி அவரைக் கேள் என்றாள். கொளஞ்சி எந்தக் கடிதமும் கொடுக்கவில்லை. மற்ற எட்டு வீடும் அதையேதான் சொன்னது.

திங்கள்கிழமை ஒன்பது குடும்பமும் பஸ் ஏறிப் பெரம்பலூர்க் கல்வி அலுவலகத்தில் மனுக் கொடுத்தது. மூன்றாம் நாள் கல்வி அதிகாரி எல்லோரையும் கூப்பிட்டனுப்பினார். உத்திராபதி கடிதக் கட்டோடு வந்து நின்றார். அதிகாரி மேலே இருந்த கடிதத்தை எடுத்துப் படித்தார். என் மகள் பானுப்ரியாவை என் சொந்த விருப்பத்தின் பேரில் நிறுத்திக்கொள்கிறேன். கீழே ஒரு கைநாட்டு, நல்லுசாமி என்ற பெயர்.

"நல்லுசாமி யாரும்மா?"

"எம் வூட்டுக்காரருங்க. அவரு செத்து மூணு வருஷம் ஆவுதுங்க சார்."

பள்ளிக்கூடத்து கிளார்க் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து அப்பன் பெயரை அப்படியே எழுதி வைத்திருக்கிறான். அதிகாரி மற்ற எட்டையும் புரட்டினார். எல்லாம் ஒரே ஆள் எழுதிய எழுத்து. கட்டை அவரே வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

வராந்தாவில் உத்திராபதி கொளஞ்சியின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். உன் மகள் பெயரை மட்டும் சேர்த்துவிடுகிறேன், மனுவை வாபஸ் வாங்கிக்கொள் என்றார். பொய் சொல்வானேன், கொளஞ்சிக்கு ஒரு நிமிடம் ஆசைதான் வந்தது. சுவரோரம் மற்றவர்கள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவளும் போய் அவர்களோடு உட்கார்ந்துகொண்டாள்.

"ஒம்போது பேரையும் எழுதுங்க சார். அதுவரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

சாயங்காலத்துக்குள் ஒன்பது பெயரும் ஏறின. பெற்றோர் நேரில் வந்து சொல்லாமல் இனி எந்தப் பள்ளியிலும் ஒரு பெயரைக் கழிக்கக் கூடாது, வேலைக்குப் போய்த் திரும்பும் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு நடத்த வேண்டும் என்று தன் சரகம் முழுக்க உத்தரவும் போட்டார் அதிகாரி. அமிர்தவல்லி டீச்சர் மறுநாளே ஒன்பது பேரையும் பிடித்து உட்காரவைத்தாள்.

எட்டுப் பேர் தேறினார்கள். ஒருத்தன் மறுதேர்வில் தேறினான்.

ஐப்பசியில் வெட்டுக்கு ஆள் பிடிக்க மேஸ்திரி காசிநாதன் வந்தான். போன தடவை மாதிரி ரெண்டு ஆள்தானே என்று கேட்டான்.

"நான் மட்டுந்தான் வரேன்," என்றாள் கொளஞ்சி. "அவ ப்ளஸ் ஒன் படிக்கிறா."